பொருந்தாத முனை

1994 ஜூன் 20, திங்கள்

காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பால் காய்ச்சிக் கொடுத்துப் பூரணியைப் பள்ளிக்கு அனுப்பினேன். கல்லூரியில் மூன்றாம் ஆண்டுக்கு இரும்பு-கார்பன் நிலைப்படம். எந்த வெப்பத்தில், எவ்வளவு கார்பனுக்கு, எஃகின் உள்ளே என்ன உருவாகும் என்று காட்டும் படம் அது. கோடுகளைப் போட்டு முடிக்கும்போது வாசலில் ஒரு கான்ஸ்டபிள் நின்றிருந்தார். கையில் அரக்கு முத்திரை வைத்த பொட்டலம்.

நீதிமன்றத்தின் கடிதம் எனக்கு வந்திருக்கிறது. அரசுத் தடயவியல் கூடத்தில் உலோகம் பார்ப்பவர் ஓய்வு பெற்றுவிட்டாராம். பொட்டலத்தில் இரண்டு பொருள்கள். முனை உடைந்த ஒரு கத்தி. ஒரு சின்னக் குப்பியில் நகத்தளவு முக்கோணத் துண்டு. துண்டு இந்தக் கத்தியிலிருந்து உடைந்ததா? இதுதான் கேள்வி.

வழக்கின் நகலைப் படித்தேன். வடசென்னை மீன்பிடித் துறைமுகத்தில் தேசப்பன் என்ற விசைப்படகுக்காரர். ஏலக்கூடத்தில் கஜா என்பவனுடைய ஆட்களை நுழையவிட மாட்டேன் என்று சங்கத்தில் பேசியவர். ஜனவரியில், விடிந்த பிறகு, ஏலம் நடந்துகொண்டிருந்தபோது அவரைக் குத்தியிருக்கிறார்கள். ஓடியவர் ஐஸ்கட்டி மேல் வழுக்கிக் குப்புற விழுந்திருக்கிறார். கஜா முதுகில் ஏறி உட்கார்ந்து மறுபடியும் குத்தியிருக்கிறான். கத்தி முதுகெலும்பில் மாட்டிக்கொண்டது. அதைத் திருகி இழுத்ததில் முனை உள்ளேயே நின்றுவிட்டது. பிரேதப் பரிசோதனையில் எடுத்த துண்டுதான் குப்பியில் இருக்கிறது.

இரத்தம் என்றால் பயப்படுகிறவள் அல்ல நான். மதியம் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 22, புதன்

இரண்டிலும் சிறு பகுதியை வெட்டிப் பிசினில் பதித்துத் தேய்த்து மெருகேற்றி, அமிலத்தில் நனைத்து நுண்ணோக்கியில் வைத்தேன்.

கத்தியில் கைரேகை போன்ற நெருக்கமான கோடுகள், ஓரங்களில் மெல்லிய வெள்ளை. பெர்லைட். லாரியின் பழைய பட்டைவில்லைச் சூடாக்கி அடித்து, காற்றில் ஆறவிட்டால் இப்படித்தான் இருக்கும். எந்தப் பட்டறையிலும் கிடைக்கும் கத்தி.

துண்டில் அந்தக் கோடுகள் எங்கும் இல்லை. கறுத்த தளத்தில் அரிசி இறைத்ததுபோல வெள்ளை வெள்ளையாகக் கார்பைடு மணிகள். டங்ஸ்டன் கலந்த அதிவேக எஃகு. இரும்பு அறுக்கும் இயந்திர ரம்பத்தின் பிளேடு இந்த எஃகில்தான் வரும். கடினத்தையும் பார்த்துவிட்டேன். கத்தியைப்போல இரண்டு மடங்கு.

எந்தச் சூட்டில் வைத்தாலும், எதில் முக்கினாலும் அது இதுவாகாது. கலவையே வேறு. ஒரே கத்தியின் இரண்டு பகுதிகளாக இவை இருக்க வாய்ப்பே இல்லை.

இன்னொன்று. கத்தியின் உடைந்த இடத்தில் இரும்பு முதலில் வளைந்து பிறகு முறிந்திருக்கிறது. இரண்டு பக்கமும் பட்டறை வைஸின் பல் பதிந்த தடம். யாரோ வைஸில் இறுக்கிச் சுத்தியலால் அடித்து முனையை உடைத்திருக்கிறார்கள்.

ஃபிலிமைக் கழுவினேன். படங்கள் தெளிவாக வந்திருக்கின்றன. அறிக்கையை நாளை எழுதலாம்.

ஜூன் 24, வெள்ளி

எழுதவில்லை. விடைத்தாள் வேலை.

மாலையில் இன்ஸ்பெக்டர் மாசிலாமணி வந்தார். வழக்கை விசாரிப்பவர். ஐம்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

"ரிப்போர்ட் ஆயிடுச்சா மேடம்?"

"இன்னும் இல்லை."

"பொருந்துதில்ல?"

பதிலை என் முகத்தில் பார்த்துவிட்டார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"நூறு பேர் பாத்தாங்க மேடம். கஜாதான். எனக்குத் தெரியும், அந்த ஏரியாவுல நண்டுக்குக்கூடத் தெரியும். ஒருத்தன் சொல்ல வரமாட்டேங்கிறான். கத்திய கடல்ல வீசிட்டான். கத்தி இல்லாம கேஸு நிக்குமா? சொல்லுங்க."

"அதனால நீங்களே ஒண்ணு செஞ்சீங்களா?"

"அவனைப் பிடிச்ச அன்னிக்கு ரெண்டு கையையும் ஒடச்சேன். வழுக்கி விழுந்தான்னு எழுதியிருக்கேன். அப்பவும் சிரிச்சான் மேடம். எலும்பு தோலைக் கிழிச்சிட்டு வெளிய வந்திருக்கு, சிரிக்கிறான்." தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "இவன் வெளிய வந்தா அடுத்தது அந்தப் பொம்பளதான். தேசப்பன் சம்சாரம். அவ ஒருத்திதான் சாட்சி சொல்றேன்னு நிக்கிறா. நீங்க ஒரே ஒரு வரி எழுதுங்க. 'பொருந்துகிறது.' போதும்."

போகும்போது கும்பிட்டார். என்னை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

ஜூன் 28, செவ்வாய்

இன்று மோதல் சோதனை வகுப்பு. கனத்த ஊசல் சுத்தியல் ஆடி வந்து எஃகுத் துண்டை ஒரே அடியில் முறிக்கும். ஒவ்வொரு அடிக்கும் பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் பின்னால் ஒரு பெண் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. முப்பத்தைந்து வயது, நைலக்ஸ் புடவை, வெறும் நெற்றி. நீலவேணி. தேசப்பனின் மனைவி. அவளை யார் என்னிடம் அனுப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பிள்ளைகள் போனதும் பக்கத்தில் வந்தாள்.

"எங்கூட்டுக்காரர் முதுகுல இர்ந்த துண்டு உங்க கைலதான் கீதாமே?"

"ஆமா."

"அத்த நா ஒருவாட்டி பாக்கலாமா?"

காட்டக் கூடாது. காட்டினேன். பிசினில் பதித்துக் கண்ணாடிபோல மெருகேற்றியிருந்த துண்டைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இம்மாத்தூண்டா" என்றாள். "அவரு ஆளு எப்டி இருப்பாரு தெர்மா? வலைய ஒத்தையா இஸ்துக்குனு வருவாரு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். இறால் கூடையோடு அவள் நின்ற இடத்துக்கும் அவர் விழுந்த இடத்துக்கும் நடுவில் ஒரு தராசுதான் இருந்ததாம். கஜா முதுகில் உட்கார்ந்திருக்கிறான். அவள் அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கிறாள். கொத்து முடி கையோடு வந்திருக்கிறது. அவன் திரும்பக்கூட இல்லை. "கத்தி வரல. எலும்புல சிக்கிக்கிச்சு. கால வச்சி மிதிச்சிக்குனு இஸ்தான். டக்குனு ஒரு சத்தம் வந்துச்சி. அந்தச் சத்தம் எங்காதுலியே கீது மேடம். நா சாட்சி சொல்வேன். என்ன வெட்டினாலும் சொல்வேன். நீங்களும் உங்க பங்குக்குச் சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சிது."

என் பங்கு என்ன என்று அவளிடம் விளக்க முடியவில்லை. பஸ் நம்பர் சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 29, புதன்

அறிக்கை எழுதவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூலை 2, சனி

என் கணவர் மின்வாரியத்தில் அவசர வேலை என்று காலையிலேயே போய்விட்டார். நானும் பூரணியும் மட்டும் வீட்டில் இருந்தோம். காலிங்பெல் அடித்தது. பூரணிதான் கதவைத் திறந்தாள்.

முப்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, நன்றாகச் சவரம் செய்த முகம், கழுத்தில் சிலுவை. கையில் பெரிய வஞ்சிரம், செவுளில் கயிறு கோத்தது.

"அக்கா, நா லூர்து. கஜா அண்ணன் ஆளு. அண்ணன் உள்ள இருந்துக்குனே சொல்லி அனுப்சாரு. வாங்கிக்கக்கா."

"எங்களுக்கு வேண்டாம்."

"ஃபிரெஷ்ஷுக்கா. வெட்டிக் குட்துட்டே போறேன். ஒனக்கு எதுக்கு சிரமம்?"

நான் வழி விடவில்லை. அவன் என்னைத் தொடவும் இல்லை. எப்படியோ சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தான். பேப்பரை விரித்தான். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். நீளமான, தட்டையான, சாம்பல் நிறப் பட்டை. அடியில் துணி சுற்றிய பிடி. துணி விலகிய இடத்தில் வட்டமான ஓட்டை ஒன்று தெரிந்தது. ரம்ப இயந்திரத்தில் பிளேடை மாட்டும் ஓட்டை. முதுகுப் பக்கத்தில் பற்களைத் தேய்த்து எடுத்த தழும்பு.

வயிற்றில் ஒரே கீறல். குடல் பேப்பரில் சரிந்தது. அவன் கை மிகச் சுத்தமாக வேலை செய்தது.

"நாங்க எல்லாம் இதான் வச்சிருக்கோம். எதுனா அறுக்கும்" என்றான். "எலும்புல மட்டும் ஜாக்ரதையா இருக்கணும். ஒடஞ்சிரும்."

பூரணி பக்கத்தில் குந்தி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். மீனின் கண்ணைத் தோண்டி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் சிரித்தாள்.

"பாப்பா எந்த ஸ்கூலு?"

அவள் சொல்லிவிட்டாள். வகுப்பு, பிரிவு, வேன் ஓட்டும் மாமாவின் பெயர், எல்லாமும்.

கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். "ஒண்ணும் பொய்யி எழுத வாணாங்கா. உண்மைய எழுது. அந்தக் கத்தி அண்ணன்து இல்ல. அவ்ளோதான்."

ஜூலை 3, ஞாயிறு

மீனைத் தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். நாய்கள் சண்டை போட்டன. சமையலறையை மூன்று தடவை பினாயில் ஊற்றிக் கழுவினேன். இவரிடம் மீன்காரன் வந்தான் என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 4, திங்கள்

அறிக்கையை எழுதி முடித்து முத்திரை வைத்து அனுப்பிவிட்டேன்.

'துண்டின் நுண்ணமைப்பும் கத்தியின் நுண்ணமைப்பும் வேறு. துண்டு இந்தக் கத்தியிலிருந்து உடைந்தது அல்ல.' வைஸின் தடம் தெரியும் படத்தையும் சேர்த்து எல்லாப் படங்களையும் இணைத்தேன்.

இது உண்மை. இதற்கு மாறாக எழுத என்னால் முடியாது. யார் வந்திருந்தாலும் வராவிட்டாலும் இதைத்தான் எழுதியிருப்பேன். துண்டு எந்த எஃகு, அந்த எஃகில் எப்படிப்பட்ட கத்தி செய்வார்கள் என்றெல்லாம் எழுதவில்லை. கேள்வியில் அது இல்லை. கேட்ட கேள்விக்குத்தான் பதில்.

இன்றிலிருந்து பூரணியை வேனில் அனுப்பவில்லை. நானே கொண்டுபோய் விடுகிறேன். வேன்காரர் வேகமாக ஓட்டுகிறார்.

ஜூலை 19, செவ்வாய்

பேப்பரில் ஒரு மூலையில் செய்தி. ஏலக்கூடத்தில் தராசு பிடிக்கும் ஒருவரை மூன்று பேர் மறித்து, வலது கையை மணிக்கட்டோடு வெட்டிவிட்டார்கள். வெட்டிய கையைத் தராசுத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்களாம். அவர் தேசப்பன் வழக்கில் புதிதாகச் சேர்க்கப்பட்ட இரண்டாவது சாட்சி. தனக்கு ஒன்றும் தெரியாது, யாரையும் பார்க்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்.

பேப்பரை மடித்து அலமாரித் தட்டில் விரித்தேன்.

1995 பிப்ரவரி 8, புதன்

இன்று கூண்டில் ஏறினேன்.

எதிரே கஜா. முதல்முறையாக அவனைப் பார்க்கிறேன். ஒல்லியானவன். இரண்டு முன்னங்கைகளும் கோணலாகக் கூடியிருந்தன. சட்டைப் பொத்தானைக்கூட அவனால் போட முடியவில்லை. பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் போட்டுவிட்டார். என்னைப் பார்த்துத் தலையாட்டினான், தெரிந்தவரைப் பார்ப்பதுபோல.

அவன் வக்கீல் நான்கு கேள்வி கேட்டார். கத்தி வேறு, துண்டு வேறா? ஆமாம். சந்தேகமில்லையா? இல்லை. முனை வைஸில் வைத்து உடைக்கப்பட்டதா? அப்படித்தான் தெரிகிறது. இதைப் போலீஸ் ஜோடித்திருக்கலாமா? அது எனக்குத் தெரியாது.

அரசு வக்கீல் எழுந்து, கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

இறங்கும்போது பின்வரிசையில் நீலவேணி எழுந்து நின்றாள். "நீ என்னாண்ட அந்தத் துண்ட காட்னியேம்மா! கைல குட்தியே! இப்ப இல்லன்ற?" என்று கத்தினாள். கான்ஸ்டபிள்கள் வெளியே தள்ளினார்கள். அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் மேல் லத்தியால் தட்டினார்கள்.

துண்டு அவர் உடம்பிலிருந்ததுதான், கத்திதான் வேறு என்று அவளிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 3, வெள்ளி

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து இப்படித்தான் வரும்.

அரைநாள் விடுப்பு. பல் டாக்டரைப் பார்க்க நீதிமன்றத்துப் பக்கம் போயிருந்தேன். தீர்ப்பு நாள் என்பது ஞாபகத்தில் இருந்தது. டாக்டரிடம் போகவில்லை.

விடுதலை. ஜோடிக்கப்பட்ட ஆயுதம் என்பதால் போலீஸ் தரப்பு முழுவதையும் நம்ப முடியவில்லை என்றார் நீதிபதி. கணவனை இழந்த ஒருத்தியின் வார்த்தையை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்றும் சொன்னார்.

வெளியே படிக்கட்டில் கஜாவுக்கு மாலை போட்டார்கள். நீலவேணி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றி அவன் வாயில் அடித்தாள். உதடு கிழிந்தது. மறுபடி அடித்தாள். அவன் கோணல் கைகளால் தடுக்கப் பார்த்தான்; முடியவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அது அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

லூர்து வந்தான். வெள்ளைச் சட்டை. "வா யக்கா, வா, போதும்" என்று அவள் தோளில் கை போட்டு அணைத்துக்கொண்டான். சமாதானம் செய்கிறான் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். நான் அவனுடைய மற்றொரு கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிவயிற்றில் நுழைத்து மேல்நோக்கி இழுத்தான். அவள் கத்தவில்லை. "ஹா" என்று ஒரு மூச்சு விட்டாள்.

நான் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தேன். ஏன் என்று தெரியாது. அவன் திரும்பாமலே கத்தியை வீசினான். என் வலது உள்ளங்கை இரண்டாகத் திறந்துகொண்டது. எலும்பு தெரிந்தது, வலிக்கவில்லை. அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான்.

"அட, நீயாக்கா? நவுருக்கா" என்றான். வருத்தப்பட்டதுபோல இருந்தது. கூட்டத்துக்குள் நடந்தே போய்விட்டான்.

நீலவேணி படிக்கட்டில் உட்கார்ந்தாள். வெளியே வந்ததை உள்ளே தள்ளப் பார்த்தாள். புடவை முந்தானையைச் சுருட்டி வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். என் இரத்தமும் அவள் இரத்தமும் படியில் ஒன்றாக இறங்கின. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாசிலாமணி வந்தார். "எவன்? யார் பாத்தீங்க?" கூட்டம் மெதுவாகக் கலைந்தது. வக்கீல்கள், கான்ஸ்டபிள்கள், டீக்கடைக்காரர், யாரும் பார்க்கவில்லை.

"நான் பார்த்தேன்" என்றேன்.

குனிந்து என்னைப் பார்த்தார். "இன்னிக்குப் பாத்தீங்களா மேடம்?"

மார்ச் 5, ஞாயிறு

பூரணியை வேலூரில் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். ரயிலில் ஏறும்போது என் கைக்கட்டைத் தொட்டு, "மீன் வெட்டுறப்போ பட்டுச்சாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மார்ச் 9, வியாழன்

பெரிய ஆஸ்பத்திரியில் நீலவேணி இன்று காலை இறந்துவிட்டாள். சீழ் பிடித்துவிட்டதாம். நேற்றுப் போயிருந்தேன். வாயில் குழாய் இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, துண்டைப் பற்றி, கத்தியைப் பற்றி, நான் எழுதியதையும் எழுதாததையும் சொன்னேன். கண்ணை மூடியிருந்தாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை. கேட்டதா என்று தெரியாது.

மார்ச் 10, வெள்ளி

இரவுச் சாப்பாட்டின்போது இவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"செத்தவ செத்துட்டா, குமுதா. நீ சொன்னா எழுந்து வரப்போறாளா? நமக்கு ஒரு பொண்ணு இருக்கு."

"அவன் நம்ம சமையலறைக்கு வந்திருக்கான். பூரணி கையில மீன் கண்ணை வச்சான்."

"எப்போ?"

சொன்னேன். சட்டென்று என்னை அறைந்தார். பதினோரு வருடத்தில் முதல்முறை. பிறகு சமையலறைக்குள் போய்த் தரையில், அவன் உட்கார்ந்த இடம் தெரியாமல், எங்கோ ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டு அழுதார்.

மார்ச் 13, திங்கள்

மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுத்தேன். இவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

படிக்கட்டில் நடந்ததைச் சொன்னேன். பிறகு லூர்து மீனோடு வீட்டுக்கு வந்த அந்தச் சனிக்கிழமையைச் சொன்னேன். தேசப்பன் முதுகிலிருந்த துண்டு ரம்ப பிளேடின் எஃகு, அதே வகைக் கத்தியை லூர்து என் வீட்டில் வைத்திருந்தான், இதை அறிக்கையில் நான் விட்டுவிட்டேன் என்றேன்.

"ஏன் விட்டீங்க?"

"கேட்கவில்லை என்று" என ஆரம்பித்தேன். நிறுத்திவிட்டு, "பயம்" என்றேன். எழுத்தர் அந்த ஒரு சொல்லைத் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

கல்லூரியிலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வரும். வரட்டும். விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்யும் என்றார் மாசிலாமணி. நம்பிக்கையில்லாமல்தான் சொன்னார்.

மார்ச் 17, வெள்ளி

லூர்தை ஆந்திர எல்லையில் பிடித்துவிட்டார்கள். இன்று சிறையில் அடையாள அணிவகுப்பு.

மதில் ஓரம் வெயிலில் வரிசையாக ஆட்கள், எல்லாரும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே வயது. அவன் தாடி விட்டிருந்தான், தலையை மொட்டையடித்திருந்தான். கழுத்தில் சிலுவை இல்லை. கண்ணுக்கு மேல் புதிய காயம், பிதுங்கிப் பழுத்திருந்தது. எங்கே விழுந்தானாம் என்று நான் கேட்கவில்லை.

"தெரிஞ்ச ஆளைத் தொட்டுக் காட்டுங்கம்மா" என்றார் மாஜிஸ்திரேட். "அவசரமில்ல."

முதல் ஆளிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். முகம் வேர்த்தது, வெயிலால் என்று எழுத மாட்டேன். அவன் முன்னால் வந்ததும் நின்றேன். என் நெற்றி அவன் தோள் உயரம்தான் இருந்தது.

உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி, "வேலூர்ல வெயில் ஜாஸ்தியாமேக்கா" என்றான்.

கட்டுப் போட்ட வலது கையை எடுத்து அவன் தோளில் வைத்தேன். தையல் இழுத்தது. அழுத்தினேன்.

"இவன்தான்."

"நிச்சயமா?"

"இவன்தான். பேர் லூர்து."

"சரி, போதும்மா. கையை எடுங்க" என்றார்.

அவன் முதலில் முகத்தைத் திருப்பும்வரை நான் கையை எடுக்கவில்லை.